மீதி விலையைக் கட்டியது யார்?

பகல் ஷிப்டை முடித்த கையோடு, வீட்டுக்குப் போகாமல் நேராக இங்கே வந்து உட்கார்ந்திருக்கும் பனியன் கம்பெனித் தங்கைகளே, தம்பிகளே!

இன்றைக்கு ஏப்ரல் 24. 2013-ஆம் ஆண்டு இதே தேதியில், காலை ஒன்பது மணியாகச் சில நிமிடம் இருக்கும்போது, வங்கதேசத்தில் டாக்காவை ஒட்டிய சவார் என்ற ஊரில் ராணா பிளாசா என்கிற எட்டு மாடிக் கட்டடம் நொறுங்கி விழுந்தது. 1,134 பேர் செத்துப்போனார்கள். இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டவர்களை மீட்டார்கள். அவர்களில் சிலரை வெளியே இழுக்க வழியில்லாமல், இடிபாட்டுக்குள்ளேயே கையையோ காலையோ வெட்டி எடுக்க வேண்டியிருந்தது.

அதற்கு முதல் நாள் நடந்ததை நிதானமாகச் சொல்கிறேன், கேளுங்கள். ஏப்ரல் 23-ஆம் தேதி அந்தக் கட்டடத்தில் விரிசல் கண்டது. கீழ்த்தளங்களில் ஒரு வங்கிக் கிளை இருந்தது, கடைகள் இருந்தன. மேலே ஐந்து தையல் கம்பெனிகள். விரிசலைப் பார்த்ததும் எல்லோரையும் வெளியே அனுப்பிவிட்டார்கள். மறுநாள் காலை வங்கி திறக்கவில்லை. கடைகள் திறக்கவில்லை. தையல் கம்பெனிகள் மட்டும் திறந்தன. உள்ளே போகப் பயந்து வாசலில் நின்ற பெண்களிடம், வராவிட்டால் சம்பளத்தில் கை வைப்போம் என்று சொன்னார்கள். மாதக் கடைசி அம்மா அது. வாடகைக்கும் அரிசிக்கும் அந்தச் சம்பளத்தைத்தான் நம்பியிருந்தார்கள். படியேறினார்கள். கொஞ்ச நேரத்தில் மின்சாரம் நின்றது. மாடியில் வைத்திருந்த ஜெனரேட்டர்கள் ஓடத் தொடங்கின. கட்டடம் அதிர்ந்து சரிந்தது.

கட்டடம் ஒன்று. விரிசல் ஒன்று. வங்கி ஊழியர் பிழைத்தார், தையல்காரப் பெண் செத்தாள். ஒரு நாள் மூடினால் வங்கிக்கு ஒன்றும் ஆகாது. தையல் கம்பெனிக்குக் கப்பல் தேதி இருந்தது.

அந்தக் கட்டடத்தின் சொந்தக்காரர் சட்டத்தை மீறி மேல் மாடிகளைக் கட்டினார், தப்பி ஓடும்போது பேனாபோல் எல்லையில் பிடிபட்டார். அவர் குற்றவாளி, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் கப்பல் தேதியைக் குறித்தவர் அவர் இல்லை. இடிபாட்டுக்குள் கிடைத்த லேபிள்களில் பிரைமார்க் இருந்தது, பெனட்டன் இருந்தது, மாங்கோ இருந்தது, கனடா நாட்டின் ஜோ ஃபிரெஷ் இருந்தது. லண்டனிலும் டொரண்டோவிலும் அந்தத் துணியை ஒரு வேளைச் சாப்பாட்டு விலைக்கு வாங்கி, மூன்று தடவை போட்டுவிட்டுத் தூக்கிப் போட்ட மனிதர்கள் இருக்கிறார்கள். அவர்கள் கெட்டவர்கள் இல்லை. அவர்களில் நம் தமிழர்களும் உண்டு. அவர்கள் கடையில் கொடுத்தது விலையில் ஒரு பகுதிதான். மீதியைச் சவாரில் ஒரு பெண் கட்டினாள்.

இதை வேறு ஊரில் பேசினால் நிறைய விளக்க வேண்டியிருக்கும். திருப்பூரில் விளக்க வேண்டியதில்லை. நம்மிடம் சரக்கு வாங்கும் வெளிநாட்டு பையர் ஒரு டி-சர்ட்டின் சாம்பிளை நமக்கு அனுப்புகிறான். அதே சாம்பிள் அதே வாரத்தில் டாக்காவுக்கும் கம்போடியாவுக்கும் போகிறது. அங்கே இத்தனை சென்ட் குறைவாகச் சொல்கிறார்கள், உங்களால் முடியுமா என்று கேட்கிறான். நூல் விலையில் குறைக்க முடியாது. சாயப் பட்டறைக்காரர் குறைக்க மாட்டார். மின்சார வாரியம் குறைக்காது. எல்லாவற்றையும் கூட்டிக் கழித்துப் பார்த்தால் குறைக்கக்கூடியது ஒன்றே ஒன்றுதான் மிஞ்சுகிறது: பீஸ் ரேட். பிறகு பாதியில் கலரை மாற்றுவான், பிரிண்ட்டை மாற்றுவான், ஷிப்மென்ட் தேதியை மட்டும் மாற்ற மாட்டான். தேதி தவறினால் விமானத்தில் அனுப்பு, செலவு உன்னுடையது என்பான். அப்போதுதான் ஒரு ஷிப்ட் ஒன்றரை ஷிப்ட் ஆகிறது, ஒன்றரை விடிய விடிய ஆகிறது. டெய்லர் முதல் உதவிக்கு நிற்கும் கைமடி வரைக்கும் யாரும் எழுந்து போக முடியாது. இதையெல்லாம் மெயிலில் எழுதி அனுப்பியவர் யாரையும் அடிக்கவில்லை, யாரையும் பூட்டி வைக்கவில்லை. நல்ல மனிதராகவே வீட்டுக்குப் போய்த் தூங்குகிறார். பூட்டுகிற வேலையை விலை செய்துவிடுகிறது.

ராணா பிளாசாவுக்கு ஐந்து மாதம் முன்னால், 2012 நவம்பர் 24-ஆம் தேதி, டாக்காவுக்குப் பக்கத்தில் ஆசுலியாவில் தஸ்ரீன் கம்பெனி எரிந்தது. நூற்றுப் பத்துக்கும் மேற்பட்டவர்கள் கருகினார்கள். தீ அபாய மணி அடித்தது. ஒன்றுமில்லை, மெஷினில் உட்கார் என்று சூப்பர்வைசர்கள் சொன்னார்கள். ஏன் சொன்னார்கள் என்று இந்த ஊரில் யாரும் என்னைக் கேட்க வேண்டியதில்லை.

இப்போது இந்த ஊரில் அடிக்கடி கேட்கிற ஒரு கூச்சலுக்கு வருகிறேன். "வங்கதேசத் துணியைத் தடை செய், நம் பிழைப்பு போகிறது." 2011-லிருந்து அந்த நாட்டுத் துணிகள் பெரும்பாலும் சுங்கவரி இல்லாமல் இந்தியாவுக்குள் வருகின்றன. நம்ம ஊர் காதர்பேட்டை வியாபாரிக்கு அது வலிக்கிறது. அந்த வலி உண்மை, அதை நான் லேசாகப் பேச மாட்டேன். 2025 மே மாதம் மத்திய அரசு, தரைவழியாக அந்தத் துணி வரக்கூடாது, இரண்டு துறைமுகங்கள் வழியாக மட்டும் வரட்டும் என்று உத்தரவு போட்டபோது இங்கே மகிழ்ந்தவர்கள் உண்டு. அதற்கு முந்தைய ஆண்டு டாக்கா வீதிகளில் துப்பாக்கிச் சூடு நடந்து ஆட்சியே கவிழ்ந்தபோது, "இனி ஆர்டர் எல்லாம் நமக்குத்தான்" என்று பேசியவர்களும் உண்டு. தோழர்களே, அந்தப் பேச்சு எனக்குப் பொறுக்கவில்லை. அங்கே ரத்தம் சிந்தினால் இங்கே ஆர்டர் வரும் என்ற கணக்கை நமக்குச் சொல்லிக் கொடுத்தவன் யார்? அவன்தான் நாளைக்கு இங்கே பிரச்சினை என்றால் அங்கே போகிறவன்.

2023 நவம்பரில் வங்கதேசத் தையல் தொழிலாளர்கள் அந்த நாட்டுப் பணத்தில் மாதம் 23,000 டாக்கா சம்பளம் கேட்டுத் தெருவுக்கு வந்தார்கள். அரசு 12,500 டாக்கா என்று நிர்ணயித்தது. அன்றைய மதிப்பில் சுமார் 113 டாலர். அந்தப் போராட்டத்தில் தொழிலாளர்கள் உயிரை விட்டார்கள். அவர்கள் கேட்டது கிடைத்திருந்தால் நன்மை அவர்களுக்கு மட்டுமா? டாக்காவில் கூலி உயர்ந்தால் திருப்பூரின் பீஸ் ரேட்டை யாராலும் கீழே இழுக்க முடியாது. அங்கே அவள் தோற்றபோது இங்கே நாமும் தோற்றோம். அந்தப் பெண்ணைப் போட்டியாளர் என்று எவனாவது உங்களிடம் சொன்னால் நம்பாதீர்கள். அவள் உங்கள் பக்கத்து மெஷினில் இருப்பவள்.

நாம் தைக்கிறவர்கள் மட்டும் இல்லை, வாங்குகிறவர்களும்தான். குமரன் சாலையில் 199 ரூபாய் என்று குவித்து வைத்திருக்கும் சட்டையைப் புரட்டிப் பார்க்கும்போது கழுத்துப் பட்டியில் எந்த நாட்டின் பெயர் இருக்கிறது என்று பார்க்கிறோமா? திருவிழாக் கடையில் குழந்தைக்கு வாங்கும் சீனப் பொம்மை? நம் கைபேசி பேட்டரிக்குள் இருக்கும் கோபால்ட்? உலகத்தின் கோபால்ட்டில் பாதிக்கு மேல் காங்கோ மண்ணிலிருந்து வருகிறது. அங்கே கையால் தோண்டும் குழிகளில் சிறுவர்களும் இறங்குகிறார்கள் என்பது ஊரறிந்த செய்தி. பையரைத் திட்டுகிற நாம், கடைவாசலில் நிற்கும்போது பையர் ஆகிவிடுகிறோம். அவன் நம்மிடம் கேட்கிற அதே கேள்வியைத்தான் நாம் கடைக்காரரிடம் கேட்கிறோம்: இன்னும் குறையாதா?

இந்த விஷயத்தில் தமிழனுக்கு மறதி வரக்கூடாது. ஒரு காலத்தில் உலகத்துக்கு மலிவாகப் போன சரக்கைச் செய்து கொடுத்த கூலிகள் நாம். 1860-இல் ட்ரூரோ என்ற கப்பல் சென்னையிலிருந்து கிளம்பி நவம்பர் மாதம் தென்னாப்பிரிக்காவின் டர்பன் துறைமுகத்தில் நின்றது. அதில் போனவர்கள் நெட்டால் கரும்புத் தோட்டத்துக்கு ஒப்பந்தக் கூலிகளாகப் போன நம் மக்கள். அதற்கு முன்பே மொரீஷியசிலும் பிறகு பிஜியிலும் கரும்பு, இலங்கை மலையகத்தில் தேயிலை, மலாயாவில் ரப்பர். அந்தச் சர்க்கரையும் அந்தத் தேயிலையும் கலந்த கோப்பையைக் கையில் வைத்திருந்தவர்கள் பிஜித் தோட்டத்தில் ஒரு தமிழச்சி அழுதது தெரியாமல்தான் குடித்தார்கள். இங்கே பாரதிக்கு அது கேட்டது, அவர் பாடினார். சர்க்கரை விலை ஏறிவிடுமே என்று அவர் கவலைப்படவில்லை. பிஜியில் அந்த ஒப்பந்தமுறை 1920-இல் ஒழிந்தது. ஒரு மனிதனை ஐந்து வருடத்துக்குக் கட்டிப்போடும் அந்தத் தாளைக் கிழிக்கப் பலபேர் பல ஆண்டுகள் போராடிய பிறகு ஒழிந்தது.

சரி, ஏழை என்ன செய்வான் என்று கேட்கிறார்கள். கூலி வேலை செய்கிறவன் தன் மகனுக்குப் பொங்கலுக்கு மலிவாக ஒரு சட்டை எடுத்தால் அது பாவமா? பாவம் இல்லை. அவனைக் கூண்டில் ஏற்ற நான் இந்த மேடைக்கு வரவில்லை. ஆனால் அவன் பெயரைச் சொல்லிக்கொண்டு வேறு ஒருவர் பின்னால் ஒளிகிறார், அவரைத்தான் வெளியே இழுக்க வேண்டும். கடையில் 500 ரூபாய்க்கு விற்கிற ஒரு துணியில் தைத்தவளின் கூலி 15 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். அந்த அளவில்தான் இருக்கும், உங்களுக்கே தெரியும். அவள் கூலியை இரண்டு மடங்கு ஆக்கினால் துணியின் விலை 515 ரூபாய். ஏழைக்கு 15 ரூபாயும் பெரிதுதான். ஆனால் அதை ஏழை ஏன் கொடுக்க வேண்டும்? கடை வாடகைக்கும் விளம்பரத்துக்கும் லாபத்துக்கும் போகிற நூற்றுக்கணக்கான ரூபாயிலிருந்து அந்தப் பதினைந்தை எடுக்க முடியாதா? ஏழை வாங்குகிறவனையும் ஏழை தைக்கிறவளையும் மோதவிட்டு நடுவில் இருக்கிறவர் வேடிக்கை பார்க்கிறார்.

இன்னொன்று சொல்வார்கள். "வேலையாவது கிடைக்கிறதே, இல்லாவிட்டால் பட்டினிதானே?" இதில் பாதி உண்மை இருக்கிறது. வங்கதேசத்தில் சுமார் நாற்பது லட்சம் பேருக்குத் தையல் தொழில் சோறு போடுகிறது. அதில் பெரும்பாலோர் பெண்கள். கிராமத்தை விட்டு வந்து, சொந்தக் காலில் நின்று, தம்பியைப் படிக்க வைத்தவர்கள். அந்த வேலை அவர்களுக்கு வேண்டும். அதனால்தான் "அந்த நாட்டுத் துணியைத் தொடமாட்டேன்" என்று சபதம் எடுக்கிற நல்லவர்களோடும் எனக்குச் சண்டை. 2013-இல் டிஸ்னி நிறுவனம் இனித் தன் பெயர் போட்ட சரக்கை வங்கதேசத்தில் செய்ய மாட்டோம் என்று விலகிப் போனது. அதன் கை சுத்தமாகிவிட்டது. அங்கே மெஷினில் உட்கார்ந்திருந்தவளுக்கு என்ன கிடைத்தது? 2020 மார்ச்சில் கொரோனா வந்ததும் வெளிநாட்டு நிறுவனங்கள் ரத்து செய்த, நிறுத்தி வைத்த ஆர்டர்களின் மதிப்பு 300 கோடி டாலருக்கு மேல் என்று அந்த நாட்டு ஏற்றுமதியாளர் சங்கமே சொன்னது. தைத்து முடித்த துணிக்கும் பணம் தராமல் விட்டவர்கள் உண்டு. வாங்காமல் ஓடிப்போவதும் ஒரு கொடுமைதான் என்பதை அந்த மாதம் நாம் எல்லோரும் பார்த்தோம்.

வேலை இருப்பதால் விரிசல் விட்ட கட்டடத்தில் ஏறு என்று சொல்லலாமா? பட்டினியைக் காட்டி மிரட்டி வாங்கிய சம்மதத்துக்குச் சம்மதம் என்று பெயரா?

பிறகு சர்டிபிகேட்டைக் காட்டுவார்கள். "நாங்கள் ஆடிட் செய்துதானே வாங்குகிறோம்!" ராணா பிளாசாவில் இருந்த ஐந்து கம்பெனிகளில் இரண்டு, ஆடிட் முடித்தவை. தையல் மேசையைப் பார்த்தவர்கள் தூணைப் பார்க்கவில்லை. கராச்சியில் அலி எண்டர்பிரைசஸ் என்ற கம்பெனிக்கு 2012 ஆகஸ்டில் உலகம் மதிக்கிற தொழிலாளர் நலச் சான்றிதழ் கொடுத்தார்கள். செப்டம்பர் 11-ஆம் தேதி அது எரிந்து 250 பேருக்கு மேல் செத்தார்கள். தீயை வைத்தது யார் என்பது தனி வழக்காக நடந்தது. ஆனால் ஜன்னலுக்கெல்லாம் கம்பி போட்டிருந்ததே, ஓடுவதற்கு வழி இல்லையே, அது சான்றிதழ் கொடுத்தவர் கண்ணில் படவில்லையா?

ஆடிட் அன்றைக்கு என்ன நடக்கும் என்பதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டுமா? முதல் நாளே தரை கழுவுவார்கள். பூட்டிக் கிடந்த கழிவறை திறக்கும். முதலுதவிப் பெட்டிக்குள் புதுப் பஞ்சு வரும். சின்னப் பிள்ளைகளுக்கு அன்றைக்கு லீவு. இத்தனை மணிக்கு வருகிறோம், இத்தனை மணிக்குப் போகிறோம், ஓவர்டைமுக்கு இரட்டைச் சம்பளம் வாங்குகிறோம் என்று பாடம் ஒப்பிக்க வைப்பார்கள். வந்தவர் டிக் போட்டுவிட்டுப் போவார். மறுநாள் கழிவறைக்கு மறுபடியும் பூட்டு. கேள்வி கேட்பவருக்குச் சம்பளம் கொடுப்பது யாரோ அவருக்குச் சாதகமாகத்தான் பதில் எழுதப்படும். அதை வைத்துக்கொண்டு வெளிநாட்டில் ஒருவர் மனசாட்சியோடு சட்டை வாங்கியதாக நினைத்துக்கொள்கிறார். அவரையும் ஏமாற்றினார்கள், உங்களையும் ஏமாற்றினார்கள்.

அப்படியானால் எதுதான் பலித்தது? பலித்த ஒன்று இருக்கிறது. ராணா பிளாசா விழுந்து ஒரு மாதம்கூட ஆகாத நிலையில், 2013 மே 15 வாக்கில், வங்கதேசத் தொழிற்சங்கங்களும் உலகத் தொழிற்சங்கங்களும் சேர்ந்து வெளிநாட்டு நிறுவனங்களை ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட வைத்தன. ஐரோப்பிய நிறுவனங்கள் முன்னால் வந்தன. எண்ணிக்கை இருநூறைத் தாண்டியது. அமெரிக்காவின் வால்மார்ட்டும் கேப்பும் அதில் சேராமல் தங்களுக்கென்று வேறு ஏற்பாடு செய்துகொண்டன. ஏன் தெரியுமா? இந்த ஒப்பந்தம் சட்டப்படி கட்டுப்படுத்துவது. சொன்னதைச் செய்யாவிட்டால் தொழிற்சங்கம் வழக்குக்கு இழுக்கலாம். இழுத்தார்கள்! இரண்டு நிறுவனங்களை ஹேக் நகரத்து நடுவர் மன்றம் வரை இழுத்தார்கள். அதில் ஒரு நிறுவனம் 2018-இல் 23 லட்சம் டாலர் கொடுக்க ஒப்புக்கொண்டு சமரசத்துக்கு வந்தது. ஆயிரத்து அறுநூறுக்கும் மேற்பட்ட தொழிற்சாலைகளில் பொறியாளர்கள் தூணைத் தட்டிப் பார்த்தார்கள், கதவின் பூட்டைக் கழற்றினார்கள், குறைகளை எல்லோரும் பார்க்கும்படி வெளியிட்டார்கள். ஆபத்து என்று பட்டால் உள்ளே வரமாட்டேன் என்று சொல்லும் உரிமை தொழிலாளிக்குக் கிடைத்தது. அந்த ஒரு உரிமை ஏப்ரல் 24 காலையில் இருந்திருந்தால் 1,134 பேரும் வாசலோடு திரும்பியிருப்பார்கள்.

இது தூரத்துக் கதை என்று நினைக்காதீர்கள். திண்டுக்கல்லுக்கு வருகிறேன். 2021 ஜனவரியில் அங்கே ஒரு ஏற்றுமதித் தையல் ஆலையில் வேலை பார்த்த இளம்பெண்ணை, தலித் குடும்பத்துப் பெண்ணை, அவளுடைய சூப்பர்வைசரே கொன்றான். மாதக்கணக்கில் அவளைத் தொந்தரவு செய்துவந்தவன் அவன். அவள் தைத்த துணியும் கப்பலேறி யாரோ ஒருவருக்கு மலிவாகத்தான் போயிருக்கும். அவளுடைய சங்கம் சும்மா இருக்கவில்லை. தமிழ்நாடு ஜவுளி மற்றும் பொதுத் தொழிலாளர் சங்கத்தின் பெண்கள், பெரும்பாலும் தலித் பெண்கள், பேசினார்கள், போராடினார்கள். ஆலை நிர்வாகமும் எச் அண்டு எம் நிறுவனமும் 2022 ஏப்ரலில் அவர்களோடு திண்டுக்கல் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டன. பிறகு கேப் வந்தது, பிவிஎச் வந்தது. அந்த ஒப்பந்தப்படி ஆலையின் லைன்களில் தொழிலாளர்களே பயிற்சி பெற்றுக் கண்காணித்தார்கள். தொந்தரவு என்று புகார் வந்தால் பழிவாங்கக் கூடாது என்று ஆனது. ஒப்பந்தத்தை ஆலை மீறினால் ஆர்டரை வைத்து நடவடிக்கை வரும் என்று ஆனது. கூலியைக் கீழே இழுக்கப் பயன்பட்ட அதே ஆர்டரைத் தொழிலாளியைக் காப்பாற்றப் பயன்படுத்த வைத்தது நம்ம ஊர்ப் பெண்கள்!

சுதேசியைச் சொல்லி என்னிடம் வாதாடுகிற நண்பர்களுக்கு ஒரு வார்த்தை. வெளிநாட்டுச் சரக்கை ஒதுக்கினால் போதும், நம் நாட்டுச் சரக்கு என்றால் சுத்தம் என்று நினைக்கிறார்கள். வ.உ.சி. அப்படி நினைக்கவில்லை. 1906-இல் சுதேசிக் கப்பல் கம்பெனியைத் தொடங்கியவர், 1908 பிப்ரவரியில் தூத்துக்குடி கோரல் மில் தொழிலாளர்களின் வேலைநிறுத்தத்துக்கு முன்னால் நின்றார். கூலி உயர்வும் வார விடுமுறையும் வேலை நேரக் குறைப்பும் கேட்டார்கள், மார்ச்சில் வாங்கினார்கள். சரக்கு எந்த நாட்டுடையது என்று கேட்ட அதே மனிதர், அதைச் செய்தவன் எத்தனை மணி நேரம் நின்றான் என்றும் கேட்டார். நம் நூற்பாலைகளில் சுமங்கலித் திட்டம் என்று பெயர் வைத்து, கல்யாணத்துக்குப் பணம் தருகிறோம் என்று சொல்லி, பதினாறு, பதினேழு வயதுப் பெண்களை மூன்று வருடம் விடுதிக்குள் அடைத்து வைத்தார்களே, அந்த நூலும் சுதேசி நூல்தான். இன்றைக்கு ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்து நம் ஊர் மெஷினில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளுக்கு நாம் கொடுக்கும் கூலி, நாம் பூட்டும் விடுதிக் கதவு, இதையும் கணக்கில் சேர்த்துத்தான் நான் பேசுகிறேன். டாக்காக்காரனைக் குற்றம் சொல்ல விரலை நீட்டுகிற முதலாளி தன் கம்பெனி ஹாஸ்டலுக்கு ஒரு நடை போய்ப் பார்த்துவிட்டு வரட்டும்.

உங்களிடம் நான் கேட்பது இதுதான். நாளைக்குக் கடையில் எதையும் வாங்காதீர்கள் என்று கேட்கவில்லை. வாங்குங்கள். ஆனால் வாங்கும்போது கேளுங்கள்: இது எந்தத் தொழிற்சாலையில் தைத்தது? அங்கே சங்கம் உண்டா? அந்தத் தொழிற்சாலைகளின் பட்டியலை நீங்கள் வெளியிட்டிருக்கிறீர்களா? கவுண்டரில் நிற்கும் பையனுக்குத் தெரியாது, அவனும் பத்து மணி நேரம் நிற்கிறவன்தான், அவனிடம் கோபப்படாதீர்கள். கேள்வியை எழுதிக் கொடுங்கள், மேலே அனுப்பச் சொல்லுங்கள். ஒருத்தர் கேட்டால் குப்பையில் போடுவார்கள். சங்கமாகக் கேட்டால், மகளிர் குழுவாகக் கேட்டால், கல்லூரியாகக் கேட்டால் பதில் எழுத வேண்டிவரும்.

இந்திய நகரங்களில் தெருவுக்குத் தெரு மலிவுக் கடை திறந்துகொண்டே போகிறார்களே, டாக்காவிலும் திருப்பூரிலும் சரக்கு எடுக்கிறார்களே, அவர்கள் முன்னால் திண்டுக்கல் ஒப்பந்தத்தைக் கொண்டுபோய் வைத்து, இதேபோல் ஒன்றில் கையெழுத்துப் போடு என்று கேட்க வேண்டும். மத்திய அரசிடம், எல்லையில் துணியை நிறுத்துவதற்குப் பதிலாக, இந்தியாவில் விற்கிற ஒவ்வொரு நிறுவனமும் தன் சரக்கு எந்தத் தொழிற்சாலையில் செய்தது, அங்கே என்ன கூலி என்று வெளியிடச் சட்டம் கொண்டுவா என்று கேட்க வேண்டும். இந்த இரண்டையும் எழுதிய மனு இதோ இந்த மேசையில் இருக்கிறது. படித்துப் பாருங்கள், சந்தேகம் இருந்தால் கேளுங்கள், சரி என்று பட்டால் கையெழுத்துப் போடுங்கள். இரவு ஷிப்டுக்குப் போக வேண்டியவர்கள் முதலில் வாருங்கள், மற்றவர்கள் அவர்களுக்கு வழி விடுங்கள்.